கேட் வெல்டர் சம்பந்திக்கு எழுதிய கூண்டு விவகாரம்

786

ஏற்காடு,
18-1-2008, வெள்ளிக்கிழமை,
ஜும்மா தொழுகைக்குப் பிறகு.

மேன்மை பொருந்திய சம்பந்தி, சேலம் ஜவுளி வியாபாரி ஜனாப் அப்துல் காதர் அவர்கள் சமூகத்துக்கு, ஏற்காட்டில் நாற்பது வருடமாக கேட், கிரில், ஜன்னல் கம்பி பத்த வைத்துப் பிழைத்து வரும் ஜாபர் அலி சலாம் சொல்லி எழுதிக்கொள்வது.

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும், என் மனைவி ஜரீனாவும், எங்கள் மகளும் தங்கள் மருமகளுமான ஷஹீதாவும், தங்கள் மகனும் எங்கள் மருமகனுமான உசேனும், மூட்டுவலி, பனிக்கால இருமல் ஆகியவை நீங்கலாக சுகமாக இருக்கிறோம். அங்கே தாங்களும், தங்கள் துணைவியார் ஆசியா அவர்களும், தங்கள் சர்க்கரையும், பக்ரீத் அன்று வெகுநேரம் வேலை செய்த தங்கள் வாயும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். போன முறை நான் பேச ஆரம்பித்ததும் "கடையில கஸ்டமர் நிக்கறாங்க" என்று வைத்துவிட்டீர்கள். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயே இருக்கும் என்பதால் எழுதி, சேலம் பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் தாங்கள் அறிந்ததே. தங்கள் மகன் கல்யாணமான நாலாம் மாதம் என் ஷெட்டுக்குப் பக்கத்திலேயே கார் மெக்கானிக் கடை போட்டான். பிள்ளை கண் முன்னால் இருக்கிறான் என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் ஒரு வருடம் இருந்தது. பிறகு ஒரு பழைய மாருதி காரை வாங்கி வந்து, சீட்டைப் பிடுங்கி, கதவின் உள்பக்கத்தை உரித்து, கொட்டச்சேட்டுப் பக்கம் எஸ்டேட் மண் ரோட்டில் நடக்கும் கார் பந்தயத்தில் ஓட்டப்போகிறேன் என்றான். கார் உருண்டால் கூரை நசுங்கி ஓட்டுகிறவன் தலையில் இறங்கும். அது நடக்காமல் இருக்க உள்ளே இரும்புப் பைப்பில் ஒரு கூண்டு கட்ட வேண்டும். கூண்டு இல்லாத காரைப் பந்தயத்தில் சேர்க்க மாட்டார்கள் என்றான். வேண்டாம் கண்ணு என்று நான் சொன்னதைத் தாங்களும் கேட்டீர்கள், ஆசியா அம்மாளும் கேட்டார்கள், உசேன் மட்டும் கேட்கவில்லை. சரி, பைத்தியம் பிடித்த மருமகனுக்குக் கூண்டாவது உறுதியாக இருக்கட்டும், மாமனார் வெல்டர்தானே என்று நினைத்தேன். அப்போதுதான் தங்கள் வீட்டு பக்ரீத் விருந்து வந்தது. முப்பது சொந்தக்காரர்கள் நடுவில், கையில் நல்லி எலும்போடு, தாங்கள் சொன்னது எனக்கு எழுத்துப் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. "ஏனுங்க, கேட்டு பத்த வெக்கிற கை அது. அதுல எம் மவன் உசுரக் குடுக்கறதா? இதுக்கெல்லாம் ஆர்கன் வெல்டிங்னு ஒண்ணு இருக்குதாம், அதுக்குன்னு ஆளுங்களே தனியா இருக்கறாங்களாம்." சாப்பிட்டுக்கொண்டிருந்த முப்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் இரண்டாம் கரண்டி தால்ச்சா எடுத்திருந்தேன். அதைத் திரும்பச் சட்டியில் ஊற்றிவிட்டேன்.

நான் கேட்கிறேன், என்றைக்காவது தங்கள் கடைக்கு வந்து எந்தச் சேலை சாயம் போகும், எது போகாது என்று நான் வாய் திறந்ததுண்டா? நிச்சயதார்த்தத்துக்கு நாங்கள் எடுத்து வந்த மாப்பிள்ளைச் சட்டையை நாலு பேர் முன்னால் உள்புறமாகத் திருப்பி, தையலை நகத்தால் சுண்டிப் பார்த்தவர் தாங்கள். அன்றைக்கும் நான் வாய் திறக்கவில்லை. ஏற்காட்டில் என் கேட் இல்லாத தெரு ஒன்றைக் காட்டுங்கள். என் ஜாயிண்டை டார்ச் அடித்துத் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. பத்த வைத்து, கிரைண்டரில் தேய்த்து, இடுக்கில் பட்டி மாவு அடைத்து, பெயிண்ட் அடித்துவிட்டால் கம்பி அப்படியே முளைத்து வந்தது போல இருக்கும். சுவர்ப் பக்கம் யாரும் பார்ப்பதில்லை, அங்கே வெல்டிங் ராடை வீணாக்காமல் கண்ணுக்குத் தெரிகிற மூன்று பக்கத்தை முத்து மாதிரி வைப்பது எங்கள் தொழிலில் வழக்கம். நாற்பது வருடத்தில் ஒரு கிரில் விழுந்ததாக ஒருவர் வந்து நின்றதில்லை. இப்படிப்பட்ட கையைத்தான் தாங்கள் எலும்பை ஆட்டிக்கொண்டே பேசினீர்கள்.

தங்கள் பேச்சைக் கேட்டு வந்த உசேன், "மாமா, அத்தா சொன்னத மனசுல வெச்சுக்காதீங்க. எல்லா வெல்டிங்கும் ஒரொரு துண்டு வெச்சு அடிச்சுப் பாப்போமுங்க. எது நிக்குதோ அதுல கூண்டு கட்டுவோம்" என்றான். அதாவது அறுபத்தோரு வயதில் எனக்குப் பரீட்சை. சரி என்றேன். முதலில் வெள்ளக்கடை கிராமத்து மாதையன் வந்தான். டூவீலர் சைலன்சர் ஓட்டை அடைப்பதில் கெட்டிக்காரன். உலகத்தில் கேஸ் வெல்டிங் ஒன்றுதான் வெல்டிங் அவனுக்கு. "கேஸ்ல வெச்சம்னா வெண்ணையாட்டம் ஒட்டிக்குமுங்க பாய்" என்று ஆரம்பித்து, ஒரு ஜாயிண்டுக்கு முக்கால் மணி நேரம் தீ காட்டினான். ஜாயிண்டுக்கு இரண்டு பக்கமும் ஒரு சாண் பைப் செக்கச்செவேல் என்று பழுத்துவிட்டது. ஆறிய பிறகு வைஸ் இடுக்கியில் கடித்து சம்மட்டியால் ஒரு போடு போட்டோம். ஜாயிண்ட் அப்படியே இருக்கிறது, பக்கத்துப் பைப் வாழைத்தண்டாக மடிந்து படுத்துவிட்டது. மாதையனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீங்களா, நம்ம ஜாயிண்டு அசையலீங்க" என்றான். ஏனப்பா, ஜாயிண்ட் நின்று பைப் படுத்தால் உள்ளே இருக்கிறவன் தலை என்ன ஆகும் என்று கேட்டேன். "அத நீங்க பைப்புக்காரனத்தானுங்க கேக்கோணும்" என்றான். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பி வைத்தேன்.

அடுத்தது தாங்கள் சிபாரிசு செய்த ஆர்கன். சேலத்தில் ஆஸ்பத்திரிக் கட்டில், எவர்சில்வர் தொட்டி செய்கிற பொன்னுவேல் என்பவர், மெஷினும் சிலிண்டருமாக குப்பனூர் ரோடு வழியே மினி வேனில் வந்து இறங்கினார். கையில் வெள்ளை உறை. ஊசி போடப்போகிற டாக்டர் மாதிரி பைப்பை ஸ்பிரிட்டால் துடைத்தார். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், மனிதர் கை சுத்தம். ஒரு கையில் தீ, இன்னொரு கையில் கம்பி, காலில் மிதி. முதல் ஓர் அங்குலம் மீன் செதில் அடுக்கியது போல வந்தது. இரண்டாவது அங்குலத்தில் எங்கள் ஊர்க் காற்று வந்தது. உருகுகிற இரும்பைச் சுற்றி அந்த ஆர்கன் வாயு போர்த்தியது போல நின்றால்தான் இந்த வெல்டிங் பிடிக்குமாம். என் ஷெட்டுக்கு ஒரு பக்கம்தான் சுவர். காற்று வாயுவை அள்ளிக்கொண்டு போய்விட்டது, மீதி ஜாயிண்ட் ஆப்பம் மாதிரி ஓட்டை ஓட்டையாக நின்றது. "இங்க காத்து நொம்பங்க, சுத்தியும் மறைக்கோணும்" என்றார். உடனே தங்கள் மகன் வீட்டுக்குள் ஓடி, ஷஹீதா கல்யாணத்துக்குத் தாங்கள் சுத்தப் பருத்தி என்று சொல்லிக் கொடுத்தீர்களே, அந்தப் பூப்போட்ட போர்வை இரண்டைக் கொண்டு வந்து சுற்றிக் கட்டினான். பொன்னுவேல் கெட்டுப்போன ஜாயிண்டைக் கிரைண்டரால் வெட்டும்போது பொறி பறந்து போர்வையில் விழுந்தது. பருத்தி என்றால் கருகும், சம்பந்தி அவர்களே. இது உருகிச் சொட்டியது. ஜரீனா வந்து பார்த்தாள். "சொட்டுதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பொன்னுவேல் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு மலை இறங்கினார்.

அதற்குப் பிறகு லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றிலிருந்து உசேன் சி.ஓ.டூ மெஷினை இரவல் வாங்கி வந்தான். துப்பாக்கி மாதிரி இருப்பதை அமுக்கினால் கம்பி தானாக ஓடி வந்து உருகும். இதற்கும் வாயு வேண்டும் என்பதால் தகரத்தை நிறுத்தி மறைத்தோம். காலையில் நன்றாகவே வந்தது. மத்தியானம் பக்கத்து எஸ்டேட்டில் காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் மெஷினைப் போட்டார்கள். மார்கழி மாதம் அது ஓட ஆரம்பித்தால் எங்கள் வீதியில் பல்பு எரிகிறதா இல்லையா என்று தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கரண்ட் இறங்கியதும் கம்பி உருகாமல் குத்திக் குத்தி நின்று, ஜாயிண்ட் முள்ளம்பன்றியாகிவிட்டது. எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் செங்கோடனிடம் உசேன் நேரே போய், ஒரு மணி நேரம் மெஷினை நிறுத்தி வைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறான். "பறிச்ச பழத்த போட்டு வெச்சா புளிச்சுப் போயிரும் சாமி. உன்ற கூண்டு புளிக்குமா?" என்று கேட்டாராம். இரவல் மெஷின் மறுநாளே வந்த வழியில் திரும்பிப் போனது.

இதற்கிடையில் தங்கள் மருமகளின் போக்கும் சரியில்லை. காலையில் எழுந்தால் ஒரு நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இடது மூணு, நூறு மீட்டர், வலது அஞ்சு, பள்ளம், பிரேக்" என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டைச் சுற்றி நடக்கிறாள். சட்னி அரைக்கும்போதும் "இடது மூணு". பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறாள் என்கிறாள் ஜரீனா. எந்த பேங்கில் பள்ளத்தைப் பற்றிக் கேட்கிறார்களோ. புருஷன் பந்தயத்தில் ஓட்டப்போகிற பயத்தில் பிள்ளைக்கு மனம் கலங்கிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இந்தப் பாவமும் தங்கள் மகனையே சேரும்.

கடைசியில் எல்லோரும் என்னிடம்தான் வந்து நின்றார்கள். ஆர்க் வெல்டிங். ஒரு ராடு, ஒரு ஹோல்டர், ஒரு கை, அவ்வளவுதான். காற்றுக்கு அது பயப்படாது. எஸ்டேட் மெஷினுக்குப் பயந்தால் காலையிலேயே வேலையை முடித்துக்கொள்ளலாம். அதிலும் ஒரு குறை உண்டு, மறைக்கவில்லை. எங்கள் பனியில் ராடு ஈரம் குடித்துவிடும். ஈர ராடில் வைத்த ஜாயிண்ட் உள்ளுக்குள் விரிசல் விடும். கேட்டுக்கு அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள். இது மருமகன் உயிராயிற்றே என்று ஜரீனாவின் கேக் அடுப்பில் ராடை அடுக்கி வாட்டினேன். ஒரு வாரம் எங்கள் வீட்டில் கேக் இல்லை, ராடுதான் வெந்தது. போன வெள்ளிக்கிழமை அந்த அடுப்பு போதாமல், தம் போட்டிருந்த பிரியாணிச் சட்டியின் மூடிமேல் தணலோடு சேர்த்து ஒரு கட்டு ராடையும் வைத்தேன். சாப்பிடும்போது "என்னமோ வாசம் வருதுங்க மாமி" என்றான் உசேன். ஏலக்காய் என்று நான் சொல்லிவிட்டேன். அன்று சாயங்காலம் என் ஜாயிண்டை வைஸில் கடித்து அவனே சம்மட்டியால் பதினோரு அடி அடித்தான். பன்னிரண்டாம் அடியில் சம்மட்டிக் காம்பு உடைந்தது. ஜாயிண்ட் நின்றது. "நின்னுருச்சுங்க மாமா" என்று அவன் சொன்னபோது அந்த முப்பது பேரும் அங்கே இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

அதோடு விட்டானா? பந்தயக்காரர்களின் சட்டப் புத்தகம் என்று ஒன்றைத் தூக்கி வந்தான். ஜாயிண்டைத் தேய்க்கக் கூடாதாம், தேய்த்தால் பலம் போய்விடுமாம். தேய்க்காத ஜாயிண்டை வெளியே விடுவது எனக்கு கைலி இல்லாமல் கடைவீதிக்குப் போவது மாதிரி. பல்லைக் கடித்துக்கொண்டு விட்டேன். பைப்பைச் சுற்றி முழு வட்டமும் பத்த வைக்க வேண்டுமாம். கூரைத் தகரத்தை ஒட்டினாற்போல நாலு ஜாயிண்ட் இருக்கிறது. அங்கே மேல் பக்கத்துக்குக் கையும் போகாது, ராடும் போகாது. அதற்கு உசேன் ஒரு வழி சொன்னான். காரின் தளத்தில் நாலு ஓட்டை வெட்டி, கூண்டின் கால்களை அதில் விட்டு ஒரு சாண் கீழே இறக்கி, மேல் பக்கத்தைப் பத்த வைத்து, பிறகு தூக்கி நிறுத்தித் தளத்தை அடைக்க வேண்டுமாம். முடிந்த வேலையை இறக்கி ஏற்றச் சொல்லி என்னிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. "நீ போயி ஒரு டீ குடிச்சுட்டு வா கண்ணு, மாமா பாத்துக்கறேன்" என்றேன். அவன் திரும்பி வருவதற்குள் வேலையை முடித்து வெள்ளை பெயிண்டும் அடித்துவிட்டேன். "எப்படீங்க மாமா போட்டீங்க?" என்று வாயைப் பிளந்தான். நாற்பது வருடம் சும்மாவா என்றேன்.

நேற்று பந்தய கிளப்பிலிருந்து காரைச் சோதிக்க இன்பமேரி என்று ஓர் இன்ஜினியர் அம்மா வந்தார்கள். ஒவ்வொரு ஜாயிண்டாக டார்ச் அடித்துப் பார்த்தார்கள், ஸ்பேனரால் தட்டிப் பார்த்தார்கள். கூரைப் பக்கம் கழுத்தை வளைத்துப் பார்த்துவிட்டு, "மேல எப்படிங்க கை போச்சு?" என்று கேட்டார்கள். கை வேலைம்மா என்றேன். இன்னொரு தடவை ஸ்பேனரால் தட்டினார்கள். பிறகு கண்ணாடியில் சோதனையில் தேறிய ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போனார்கள். அரசாங்க முத்திரை விழுந்த மாதிரி, சம்பந்தி அவர்களே, கேட் பத்த வைக்கிற கைக்கு ஸ்டிக்கர் விழுந்துவிட்டது. ஆகவே, நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கொட்டச்சேட்டில் பந்தயம். பக்ரீத்துக்குத் தங்கள் வீட்டில் சாப்பிட்ட அந்த முப்பது பேரையும் அழைத்துக்கொண்டு தாங்கள் வர வேண்டும். அவர்கள் முன்னால், கையில் எலும்பு எதுவும் இல்லாமல், ஜாபர் அலி வெல்டர்தான் என்று தங்கள் வாயால் சொல்ல வேண்டும். வரும்போது போர்வை இரண்டு, பருத்தியில்.

ஆசியா அம்மாளுக்கு ஜரீனா சலாம் சொல்லச் சொன்னாள். போர்வை விஷயத்தை எழுத வேண்டாம் என்றும் சொன்னாள், எழுதிவிட்டேன். தங்கள் வியாபாரத்திலும் தங்கள் சர்க்கரையிலும் அல்லாஹ் பரக்கத்தை அதனதன் அளவில் தருவானாக. ஆமீன்.

இப்படிக்கு,
கேட் பத்த வைக்கிற,
ஜாபர் அலி.

பி.கு.: சனிக்கிழமை, காலை பதினொரு மணி. மேலே எழுதியதையெல்லாம் படித்திருப்பீர்கள். சிரமத்துக்கு மன்னிக்கவும், அதில் முக்கால்வாசி நிற்காது.

உறையை ஒட்டப் பசை கேட்டு ஷஹீதாவைக் கூப்பிட்டேன். முக்காட்டுக்கு மேல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். "அத்தா, தாடைக்குக் கீழ வாரு இறுக்கமா இருக்குதா பாருங்க" என்றாள். உனக்கு எதுக்கு இது என்று கேட்டேன். "நாளைக்கு அவுருக்குப் பக்கத்துல உக்காந்து, அடுத்து வர்ற வளைவ நோட்டப் பாத்துப் படிச்சுச் சொல்றது நாந்தானுங்களே. ரெண்டு மாசமா ஊட்டச் சுத்திச் சுத்திப் படிச்சிட்டிருக்கறேன், உங்க காதுல விழலையா?" என்றாள். பயமா இல்லையா கண்ணு என்று கேட்டேன். "நீங்க பத்த வெச்ச கூண்டுங்கத்தா. எனக்கென்ன பயம்?" என்றாள்.

கிரைண்டரை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். வாட்டிய ராடில் மூன்று பக்கம் பத்த வைத்தது சத்தியம். மேல் பக்கம் நாலு ஜாயிண்டிலும் ஒன்றுமே இல்லை, சம்பந்தி. கிரில்லுக்குச் சுவர்ப் பக்கம் என்ன செய்வேனோ அதைத்தான் செய்திருந்தேன். பட்டியை அடைத்து பெயிண்ட் அடித்திருந்தேன். டிஸ்க் பட்டதும் பட்டி உப்பாக உதிர்ந்தது. நாலையும் அறுத்தேன். சத்தம் கேட்டு உசேன் ஓடி வந்தான். உதிர்ந்து கிடந்ததை விரலால் தொட்டுப் பார்த்தான். ஹெல்மெட்டோடு நின்ற ஷஹீதாவைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாக்பீஸை எடுத்து, தளத்தில் ஓட்டை வெட்ட வேண்டிய இடத்தில் கோடு போட ஆரம்பித்தான்.

அவன் கேட்காததை அவனைப் பெற்றவருக்கு நான் எழுதுகிறேன். அவன் தலைக்கு அந்தப் பட்டி போதும் என்று நாலு நாளாக எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. என் மகள் தலைக்கு ஒரு நிமிஷம்கூடப் போதவில்லை. நீங்கள் பக்ரீத்துக்கு என் கையைத்தான் குறை சொன்னீர்கள். கை நன்றாகத்தான் இருந்தது. இனிமேல் என்ன சொன்னாலும், முப்பது பேரை வைத்துக்கொண்டே சொல்லுங்கள், தால்ச்சாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

நாளைக்கு எங்கள் கார் ஓடாது. ஸ்டிக்கரை நானே கிழித்துவிட்டு இன்ஜினியர் அம்மாவுக்கு போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். அடுத்த பந்தயம் மாசியில். கூண்டை இறக்கிய பிறகு அந்த நாலு ஜாயிண்டுக்கும் ஆர்கன்தான் சரி, பொன்னுவேலை அனுப்பி வையுங்கள். காற்றுக்கு இந்தத் தடவை மூன்று பக்கமும் தகரம் அடித்து வைக்கிறேன். போர்வையைப் பற்றி எழுதியது மட்டும் அப்படியே நிற்கட்டும்.

பொன்னுவேல் வருகிற வேனில் நீங்களும் ஏறி வாருங்கள். சட்டையைத் திருப்பிப் போட்டு உள்தையலைச் சுண்டிப் பார்க்கிற ஆள் நீங்கள். இதையும் சுற்றிலும் தடவிப் பாருங்கள். நீங்கள் பார்த்துச் சரி என்று சொல்லும் வரைக்கும் கூண்டு மேலே ஏறாது, பெயிண்ட் டப்பாவையும் நான் திறக்க மாட்டேன்.